ஆறு பேர் உறங்கலாம் என்கிறார்கள்

கோடை தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே அமெரிக்காவின் ட்ரெய்லர் விற்பனைக் களங்களில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. காரின் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் சிறு வீடுகள் வரிசையாக நிற்கும். அவற்றுள் மிகச் சிறியதற்கும் விற்பனையாளர் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: இதில் ஆறு பேர் உறங்கலாம். அந்த வாக்கியத்தோடுதான் எங்களுக்கு வழக்கு. இலக்கியம் பேசும் நண்பர்களிடையே வண்டி வியாபாரம் எதற்கு என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். பயண நூல்களை இவ்வளவு வாசிக்கிற நாம், பயணத்தில் முதியவர்கள் எங்கே படுப்பார்கள் என்பதைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

கலிஃபோர்னியாவில் வாழும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பல ஆண்டுகள் கூடாரமே போதுமானதாக இருந்தது. ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் அந்த ஆறு மாதங்களில்தான் சிக்கல் எழுகிறது. முழங்கால் தேய்ந்த அம்மாவால் தரையில் படுத்து எழ முடியாது. இரவில் இருமுறை எழ வேண்டிய அப்பாவுக்கு, இருட்டில் மரவேர்களைத் தாண்டி இருக்கும் பொதுக் கழிப்பறை ஒரு பெருந்தூரம். "நீங்க போயிட்டு வாங்க, நாங்க வீட்டப் பாத்துக்கறோம்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நாமும் கொஞ்சம் மறுத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். பேரக்குழந்தைகளோடு அவர்கள் கழிக்கக் கிடைப்பதே சில கோடைகள்தாம். அவற்றுள் ஒன்று இப்படிக் கழிந்துவிடுகிறது. ஆகவே ட்ரெய்லர் வாங்குவது குறித்த எங்கள் கேள்வி மிகக் குறுகியது: முழங்கால் உயரத்தில் ஒரு படுக்கை, எட்டும் தொலைவில் ஒரு கழிப்பறை. இவ்விரண்டையும் எவ்வளவு குறைந்த எடையில் இழுத்துச் செல்ல முடியும்?

எடை என்று சொன்னதும் எல்லோரும் பார்ப்பது காரின் இழுவைத் திறனை. பல மினிவேன்களுக்கு, உரிய சாதனங்கள் பொருத்தியபின், அது 3,500 பவுண்டு. விளம்பரத் தாளில் ட்ரெய்லரின் எடை 2,400 பவுண்டு என்றிருக்கும். மனம் நிம்மதியடைந்துவிடும். ஆனால் அந்த 2,400 வெறும் வண்டியின் எடை. தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு, 20 கேலன் தொட்டியை நிரப்பினால் 166. எரிவாயு உருளைகள், பேட்டரி, பாத்திரங்கள், அரிசி, போர்வைகள் எல்லாம் ஏறியபின் 3,000 ஆகிவிடும். அப்போதும் 3,500க்குள்தானே என்பார்கள். நிற்க. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் ஆகக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அது 1,200 என்று கொள்வோம். ட்ரெய்லர் ஆடாமல் ஓட வேண்டுமானால் அதன் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு காரின் கொக்கியில் அழுந்த வேண்டும். பன்னிரண்டு விழுக்காடு என்றால் 360 பவுண்டு. இதுவும் அந்த 1,200இல் சேர்த்தி. பெரியவர்கள் நால்வர், குழந்தைகள் இருவர், 720, பெட்டிகள் 150. கூட்டிப் பாருங்கள், 1,230. இழுவைத் திறனுக்கு 500 பவுண்டு கீழே நிற்கும்போதே கார் தன் வரம்பைத் தாண்டிவிட்டது. சில கார்களின் கையேடுகள் பயணிகள் கூடக்கூட இழுவைத் திறனையே குறைத்துச் சொல்கின்றன. விற்பனைக் களத்தில் இதை யாரும் தாமாகச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

மலைச்சரிவில், பக்கக்காற்றில் பின்வண்டி வாலாட்டத் தொடங்கும்போதுதான் இந்தக் கணக்கின் பொருள் விளங்கும். அப்போது காரின் பிரேக்கை மிதிப்பது கேடு. வேகமூட்டியிலிருந்து காலை எடுத்து, ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். பின் இருக்கையில் இருப்பவர்கள் யார் என்பதை நினைத்துக்கொண்டால் எடையைப் பற்றி விளையாட்டாகப் பேச மனம் வராது. 1954இல் வின்சென்ட் மின்னெலி இயக்கிய 'தி லாங், லாங் ட்ரெய்லர்' படத்தில் லூசில் பால் போகுமிடமெல்லாம் அழகான கற்களைப் பொறுக்கிக் கணவனுக்குத் தெரியாமல் வண்டிக்குள் ஒளித்து வைப்பார். அந்த வண்டி மலையேறும். நகைச்சுவைப் படம்தான். ஆனால் இப்பொருள் குறித்து எந்தக் கையேடும் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

எடையைக் குறைக்க எளிய வழி, கித்தான் சுவர்கள் விரியும் மடக்கு ட்ரெய்லர். விலையும் குறைவு. ஆனால் யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கரடி நடமாட்டம் காரணமாகக் கெட்டிச் சுவர் உள்ள வண்டிகளுக்கே அனுமதி. கூடாரமும் கூடாது, கித்தான் ட்ரெய்லரும் கூடாது. மழையில் நனைந்த கித்தானை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து மீண்டும் விரித்துக் காயவைக்கும் வேலை வேறு. மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்திய பெட்டி வண்டிகளோ, கூரைத் தையலில் ஒருமுறை நீர் கசிந்தால் உள்ளே சத்தமின்றி உளுத்துப்போகும்.

எங்கள் வாக்கு கண்ணாடியிழை வண்டிகளுக்கே. மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஓடுகளை வார்த்து, இடுப்பில் ஒட்டிய முட்டை. 1968இல் கனடாவின் வின்னிபெக்கில் ரே ஒலெக்கோ செய்த 'போலர்' இவ்வகையில் புகழ்பெற்றது. அவர் அதற்கு முன்பு கண்ணாடியிழையில் கழிவுநீர்த் தொட்டி வடிவமைத்தவர். நீர் புகாத, நீர் கசியாத பாத்திரம் செய்யத் தெரிந்தவரிடமிருந்து நல்ல வீடு வந்ததில் வியப்பில்லை. மினசோட்டாவின் பேக்கஸ் ஊரில் உருவாகும் 'ஸ்கேம்ப்' அதே குலம். 13 அடி நீளத்திலேயே கழிப்பறை வைத்த அமைப்பும் உண்டு. சாமான் ஏற்றியபின் 2,000 பவுண்டுக்குள் நிறுத்திக்கொண்டால் கொக்கியில் அழுந்துவது 240தான். மேற்சொன்ன குடும்பம் 1,110இல் நின்றுவிடும். குறை என்னவென்றால், பழைய வண்டிகள்கூட விலை இறங்குவதில்லை.

இதில் ஆறு பேர் எப்படிப் படுப்பார்கள்? படுக்க வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. உள்ளே தாத்தாவும் பாட்டியும், வெளியே கூடாரத்தில் மற்றவர்கள். ஃபிஷிங் பிரிட்ஜில் இது செல்லாது. பெரும்பாலான முகாம்களில் செல்லும். சாப்பாட்டு மேசையை இறக்கி மெத்தையாக்கி, அதன்மேல் தொட்டில் போலொரு பலகை மாட்டி ஆறு என்று எண்ணிக் காட்டும் வண்டியில் நள்ளிரவில் ஒருவர் எழுந்தால் அறுவரும் எழ வேண்டும். அடுப்பும் வெளியேதான். கடுகு தாளித்த மணம் அந்தச் சிறு கூண்டின் மெத்தையைவிட்டு ஒரு பருவம் முழுதும் போகாது. கரடி இருக்கும் காட்டில் அது வெறும் அசௌகரியம் மட்டுமன்று.

ஸ்டைன்பெக் 1960இல் சார்லி என்னும் நாயோடு அமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டபோது, சரக்கு வண்டியின் முதுகில் அறை பொருத்தி அதற்கு டான் குயிக்ஸாட்டின் குதிரைப் பெயரான ரோசினாண்டே என்று பெயரிட்டார். அப்படி வீட்டையும் வண்டியையும் ஒன்றாக்குவது தனி மனிதருக்கு ஒத்துவரும். குடும்பத்துக்கு இழுவண்டியே மேல். கொக்கியைக் கழற்றிவிட்டால் கார் விடுதலை பெறும். கிளேசியர் பூங்காவின் 'கோயிங் டு தி சன்' சாலையில், அவலாஞ்ச் முதல் ரைசிங் சன் வரையிலான மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான எதுவும் போகக்கூடாது. காரும் ட்ரெய்லரும் சேர்ந்த நீளமும் அதில் அடக்கம். ட்ரெய்லரை முகாமில் விட்டுவிட்டு எல்லோரும் காரில் அந்தச் சாலையைப் பார்த்து வரலாம். கால் வலித்தவர் முகாமிலேயே சாய்ந்துகொள்ளலாம்.

வாங்குமுன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது. பெற்றோர் இங்கிருக்கும்போதே எடுக்க வேண்டும். படியில் ஏறச் சொல்லுங்கள், படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கழிப்பறைக் கதவைச் சாத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டியானால் தரையின் மூலைகளைக் காலால் அழுத்துங்கள்; மெத்தென்றால் விலை பேச வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பூ தேயாமல் புதிது போலவே இருக்கும். அதை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.