செய்தி முதலில் அவளுக்கு

பதினாறு வயதாகியும் பெரிய மனுசி ஆகாத மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் தோட்ட டிஸ்பென்சரிக்கு வருகிறாள். அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போனது ஒரு கவலை. லயத்தில் அக்கம்பக்கம் கேட்கத் தொடங்கிவிட்டது அதைவிடப் பெரிய கவலை. "ரத்தம் கம்மி" என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் பல பிள்ளைகளுக்கு அது பொருந்தவும் செய்யும். பொருந்தாத பிள்ளையை அடையாளம் காண்பதே நம் கடமை.

போசாக்குக் குறைவால் பருவம் தள்ளிப்போனால் மார்பு வளர்ச்சியும் பிந்தும். மார்பு நன்றாக வளர்ந்தும் அக்குளில் முடி மிகக் குறைவாக இருந்து, 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லையென்றால் ஆண்ட்ரஜன் உணர்வின்மையையும் நினைக்க வேண்டும். இவர்களின் குரோமோசோம் அமைப்பு எக்ஸ்-வை. வயிற்றிலோ கவட்டிலோ உள்ள விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. ஆனால் அதற்கான ஏற்பி வேலை செய்வதில்லை. அந்த டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் மார்பு வளர்கிறது. விரைகள் சுரக்கும் வேறொரு ஹார்மோன், கருவிலேயே கருப்பை உருவாகாமல் தடுத்துவிடுகிறது. சிறுவயதில் இரு பக்கமும் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை நடந்ததா என்று கேளுங்கள். பல வேளைகளில் முதல் தடயம் அங்கேதான் கிடைக்கும்.

இந்த உணர்வின்மை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. ஆகவே, "சொந்தத்தில் கட்டியதால் வந்தது" என்ற பழிக்கு இங்கே இடமில்லை. மூன்றில் ஒரு பங்கினரில் மரபணு மாற்றம் புதிதாகவே தோன்றுகிறது. மற்றவர்களுக்குத் தாய்வழி வருவதால், பிள்ளையின் பெரியம்மா, சித்திமாரைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். "மலடி" என்று ஊர் ஒதுக்கிய ஒருத்தியின் கதை அப்போது வெளிவரலாம்.

ஓட்ட வீராங்கனை சாந்தி சௌந்தரராஜனை நாம் மறக்கக் கூடாது. நம்மில் பலருடைய முன்னோர் புறப்பட்டு வந்த புதுக்கோட்டை மண்ணில், செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவர். 2006 டிசம்பரில் டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனைக்குப் பிறகு பதக்கம் பறிக்கப்பட்டது. அவருடைய உடலின் அந்தரங்கம் உலகச் செய்தியானது. ஊடகங்கள் இந்த நிலையின் பெயரையே அவரோடு சேர்த்து எழுதின. அதே 2006இல்தான், நோயாளியை இழிவுபடுத்தும் பழைய பெயர்களைக் கைவிட வேண்டும் என்ற சிகாகோ கருத்தொருமிப்பு அறிக்கை வெளியானது. மருத்துவம் தன் சொற்களைத் திருத்திக்கொண்ட அதே ஆண்டில், ஒரு பெண்ணின் மானம் காக்கப்படவில்லை.

நம் மலையில் இப்படி அந்தரங்கம் பரவத் தொலைக்காட்சி தேவையில்லை. வைத்தியர் சிங்களத்தில் சொன்னதை நடைபாதையில் நின்று பக்கத்து லயத்து அக்கா தமிழில் சொன்னால் போதும். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது மடுவம் முழுவதும் அதே பேச்சாக இருக்கும். மொழிபெயர்ப்பவர் உறவினராகவோ அயலவராகவோ இருக்கக் கூடாது. கதவு மூடிய அறையில், பிள்ளையின் காதுக்கு முதலில், அவளுடைய மொழியில் சொல்லப்பட வேண்டும். அனுப்பும் கடிதத்தை உறையில் இட்டு ஒட்டிக் கொடுங்கள்.

அவசரமும் வேண்டாம். முழுமையான உணர்வின்மையில் பருவம் முடியும்வரை புற்றுநோய் அபாயம் மிகக் குறைவு. விரைகளை அகற்றுவதா என்பதை அவளே வளர்ந்து முடிவு செய்யலாம். அகற்றினால் எலும்பைக் காக்க ஈஸ்ட்ரோஜன் தேவை. பகுதி உணர்வின்மையில் அபாயம் கூடுதல் என்பதால் நிபுணரின் கண்காணிப்பு அவசியம். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, இடைப்பால் குழந்தைகளுக்கு உயிராபத்து இல்லாதபோது பால்மாற்றச் சத்திரசிகிச்சை செய்வதற்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. நாமும் பின்பற்ற வேண்டிய நெறி அது.

பெண்ணாக வளர்ந்து, தன்னைப் பெண்ணாகவே அறிந்தவள் அவள். பரிசோதனைத் தாள் அதை மாற்றிவிடாது. குழந்தை பெற முடியாது என்பதை மறைக்காமல், அவள் வாழ்க்கை முடிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அழட்டும். அழுது முடிக்கும்வரை அந்தக் கதவைத் திறக்காதீர்கள்.