தீர்ப்புக்காகக் காத்திருந்த பெற்றோர்



சாவு வீட்டுக்குப் போகிறோம், அடக்கத்தில் நிற்கிறோம், முப்பதாம் நாள் பூசைக்கும் வருகிறோம். அத்தோடு நம் கடமை முடிந்ததாக நினைக்கிறோம். பிள்ளையைக் கொலையில் பறிகொடுத்த வீட்டிலோ, போராட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நம் கம்மாபுரத்தை அடுத்த விருத்தாசலம் பகுதியில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். பொறியியல் பட்டதாரியான தலித் இளைஞர் முருகேசனும், வன்னியர் குடும்பத்துப் பெண் கண்ணகியும் 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று புதுக்கூரைப்பேட்டையில் பெண்ணின் உறவினர்கள் இருவருக்கும் நஞ்சு புகட்டிக் கொன்று எரித்தார்கள்.

மகனை இழந்த தந்தைக்குக் காவல் நிலையத்தில் நீதி கிடைக்கவில்லை. செய்தி வெளியே பரவிய பிறகே வழக்குப் பதிவானது. அதிலும் அவரையே குற்றவாளிகளுள் ஒருவராகச் சேர்த்தார்கள்! உயர் நீதிமன்ற ஆணைப்படி 2004இல் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணையை ஏற்ற பின்பே உண்மை வெளிவந்தது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். முருகேசனின் சிற்றன்னையோ தன் சாட்சியத்தில் உறுதியாக நின்றார்.

2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு. மற்ற 12 பேருக்கு ஆயுள். அவர்களில் இருவர் காவல் அதிகாரிகள். 2022இல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்து, இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, முருகேசனின் பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது. ஏறத்தாழ 22 ஆண்டுகள்!

ஜப்பானில் கொலை வழக்குகளுக்கு இருந்த காலவரம்பு 2010இல் நீக்கப்பட்டது. உறவுகளை இழந்த குடும்பங்கள் விடாமல் கேட்டதால் வந்த மாற்றம் அது. நடுவரிடம் ஓயாமல் நீதி கேட்ட கைம்பெண்ணை லூக்கா நற்செய்தியில் நாம் அறிவோம். அவர் தனியாகவே நடந்தார். நம் ஊரிலும் அப்படித்தான் விடப்போகிறோமா?

நீதிமன்றத்துக்குத் துணையாகப் போவது, கண்டதைக் கண்டபடி சொல்வது, சாதிக்கு அஞ்சி வாய் மூடாதிருப்பது: இவையும் ஆறுதல் சொல்வதுதான். நம் பங்கில் இப்படிக் காத்திருக்கும் வீடு உண்டா? இந்த வாரம் அந்த வாசலை மிதிப்போம்.