ரத்தக் கழிச்சலும் பொடி வியாபாரமும்

கொல்லையில் பத்துக் கோழி வளர்க்கும் பென்ஷன்காரர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தீவனக் கடைகளில் இப்போது புரோபயாடிக் என்று ஒரு பொடி விற்கிறார்கள். நல்ல பாக்டீரியாவாம். "தண்ணீரில் கலந்து வையுங்கள் சார், ரத்தக் கழிச்சல், குடற்புழு எல்லாம் போய்விடும், இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்" என்கிறார்கள். பொடியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை விற்கும் இந்தப் பேச்சின் மேல்தான்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியத்தில். பாஸ்தர் பெயர் காதில் விழாமல் ஒரு வகுப்பும் முடியாது. கோழிக் காலராக் கிருமியை வலுக்குறைத்துத் தடுப்பூசிக்கு வழி காட்டியவர் அவர், 1880 வாக்கில். பிறகு பாரிஸில் அவர் பெயரில் அமைந்த நிலையத்தில் இருந்த மெச்னிகோவ் என்ற ருஷ்யர், தயிர்க் கிருமி குடலுக்கு நல்லது, ஆயுளைக் கூட்டும் என்று எழுதினார். 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது தயிருக்காக அல்ல, ரத்தத்தின் வெள்ளணு கிருமியை விழுங்குகிறது என்று கண்டதற்காக.

கோழி விஷயத்தில் நல்ல ஆதாரம் 1973-ல் பின்லாந்திலிருந்து வந்தது. நுர்மி, ரன்டாலா என்ற இருவர், வளர்ந்த கோழியின் குடலில் உள்ளதை எடுத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். சால்மொனெல்லா கிருமி அந்தக் குஞ்சுகளின் குடலில் சுலபமாக ஒட்ட முடியவில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிறோமே, அதே வித்தைதான். நல்ல கிருமி முதலில் உட்கார்ந்துவிட்டால் கெட்ட கிருமி நிற்க வேண்டியதுதான்.

ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா பாக்டீரியாவே அல்ல. அது ஓரணு ஒட்டுண்ணி. கோழிக்கு வருவதில் ஏழு வகை சொல்கிறார்கள், அதில் டெனெல்லா என்பதுதான் ரத்தமாகக் கழிய வைப்பது. அது சீட்டுக்குப் போட்டி போடாது. குடல் சுவரின் அணுவுக்குள்ளேயே நுழைந்து, பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். துண்டு என்ன செய்யும்? விரல் நீளம் வளரும் உருண்டைப் புழுவும் அப்படித்தான். அதற்குக் குடற்புழு மருந்து வேண்டும், தயிர்க் கிருமி போதாது.

பக்கத்துக் கிராமத்தில் ஓர் அம்மாள், புருஷன் இல்லை. நாட்டுக்கோழி விற்றுத்தான் பேரனுக்குப் பள்ளிக்கூடச் செலவு. போன ஐப்பசி மழையில் குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தன. கடைக்காரர் பொடியைக் கொடுத்து ஐந்து நாள் பொறுங்கள் என்றார். இந்த நோய் ஐந்து நாள் பொறுக்காது. முக்கால்வாசிக் குஞ்சு போயிற்று. பொடிக்குக் கொடுத்த காசும் போயிற்று.

"அந்தக் காலத்தில் மோர்த்தண்ணிதானே வைத்தோம்?" என்பார்கள். அந்தக் காலத்துக் கோழி தெருவெல்லாம் மேய்ந்தது. எச்சம் ஒரே இடத்தில் குவியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தொற்று ஏறி, எதிர்ப்புச் சக்தியும் ஏறியது. இன்றைக்கு ஐம்பது குஞ்சை ஒரு கொட்டகையில் அடைக்கிறோம். கூளம் ஈரமாக இருந்தால் எச்சத்தில் விழுந்த ஐமீரியா இரண்டு நாளில் பழுத்துவிடும். சாதாரண பினாயிலுக்கு அது மசியாது. உமியைக் கிளறிக் காயப் போடுவதும், தண்ணீர்ச் சட்டி சிந்தாமல் பார்ப்பதும் பொடியை விடப் பெரிய வைத்தியம். காசும் செலவில்லை.

பொடிக்கு வேலையே இல்லையா? உண்டு. ஐமீரியா புண்ணாக்கிய குடலில் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா குடியேறும். அங்கே நல்ல கிருமி உதவலாம். சோதனைகள் சிலவற்றில் குடல் புண் குறைந்தது, எடை இழப்பும் குறைந்தது. வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பா 2006-ல் நிறுத்தியது. நம் அரசாங்கமும் 2019-ல் கோழிக்குக் கொலிஸ்டின் கூடாது என்றது. இரண்டும் சரியான முடிவு. அதனால் பொடிக்கு மார்க்கெட் வந்ததும் நியாயம்தான். ஆனால் துணைக்கு வந்தவனை மாப்பிள்ளை என்று மணையில் உட்கார வைக்கலாமா?

வேலை பார்த்த காலமெல்லாம் காகிதம் படித்தே பழகியவன் நான். அந்தப் பாக்கெட்டையும் படியுங்கள். எந்தக் கிருமி, ஒரு கிராமில் எத்தனை, எப்போது தயாரித்தது என்று போட்டிருக்கிறதா? லாக்டோபாசில்லஸ் சூட்டில் செத்துவிடும், சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கடையில் கிடந்த பாக்கெட்டில் என்ன மிச்சம் இருக்கும்? பாசில்லஸ் சப்டிலிஸ் வித்தாக உறங்கும், சூட்டைத் தாங்கும். குளோரின் வாசம் அடிக்கும் குழாய்த் தண்ணீரில் இதைக் கலக்காதீர்கள். ஆன்டிபயாடிக்கையும் இதையும் ஒரே சட்டியில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கையால் நட்டு மறு கையால் பிடுங்குகிற காரியம்.

ரத்தம் கண்டால் அன்றைக்கே எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கோ, குரும்பாபேட் கால்நடைக் கல்லூரிக்கோ போங்கள். மைக்ரோஸ்கோப்பில் தெரிந்துவிடும். ஆம்ப்ரோலியம் எழுதிக் கொடுத்தால், அந்த நாட்களில் பி1 வைட்டமின் டானிக்கை நிறுத்துங்கள். ஒட்டுண்ணிக்கு அந்த வைட்டமின் கிடைக்காமல் செய்துதான் மருந்து வேலை செய்கிறது. பொடியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், கடை எங்கும் ஓடிப்போகாது.