கேமரா யாருடைய உடைமை?

ஒரு கறுப்பர் திரையிலே தோன்றிவிட்டால், நிறவெறி ஒழிந்துவிட்டது என்று பறைசாற்றுவது முதலாளித்துவப் பத்திரிகைகளின் வழக்கம். அவர் நடிகராக மட்டுமின்றித் தயாரிப்பாளராகவும் ஆகிவிட்டாலோ, கேட்கவே வேண்டாம். உழைத்தால் எவரும் உயரலாம் என்று தலையங்கம் தீட்டிவிடுவார்கள். இந்தக் கூற்று எவ்வளவு தூரம் உண்மை? ஹாரி பெலபாண்டேயின் வாழ்க்கையை உரைகல்லாக வைத்துப் பார்ப்போம்.

1927-ல் நியூயார்க் நகரத்தின் ஹார்லெம் பகுதியில் பிறந்து, 2023 ஏப்ரலில் தமது 96-வது வயதில் மறைந்தவர் பெலபாண்டே. பாடகர், நாடக நடிகர், திரைப்பட நடிகர், தயாரிப்பாளர், தொலைக்காட்சிக் கலைஞர் என்று பல துறைகளிலும் முத்திரை பதித்தவர். அவர் பிறந்த குடும்பம் எது? தாயார் ஜமைக்காவைச் சேர்ந்தவர்; பிறர் வீடுகளில் வேலை செய்து பிழைத்தவர். தந்தை கப்பலில் சமையற்காரர். மகனோ பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றித் திரும்பிய அவருக்குக் கிடைத்தது, குடியிருப்புக் கட்டிடம் ஒன்றில் எடுபிடி வேலை. அங்கே குடியிருந்த ஒருவர், தமக்குச் செய்த வேலைக்கு இனாமாகக் கொடுத்த நாடக டிக்கெட்டுதான் அவரைக் கலையுலகுக்குள் இழுத்து வந்தது. ஹிட்லர் ஆட்சியில் தாயகம் திரும்ப முடியாமல் அமெரிக்கா வந்திருந்த ஜெர்மன் இடதுசாரி நாடக மேதை எர்வின் பிஸ்கேட்டர் நடத்திய பயிற்சிக் கூடத்தில் அவர் நடிப்புப் பயின்றார்.

1954-ல் வெளிவந்த 'கார்மென் ஜோன்ஸ்' அவரை நட்சத்திரமாக்கியது. 1956-ல் வந்த 'கலிப்ஸோ' இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. அதில் புகழ்பெற்ற பாட்டு எது தெரியுமா? இரவெல்லாம் கப்பலில் வாழைக்குலை ஏற்றும் ஜமைக்கா துறைமுகத் தொழிலாளிகளின் வேலைப்பாட்டு! உழைப்பவனின் வியர்வையில் பிறந்த இசையை உலகமே முணுமுணுத்தது.

ஆனால் திரையில் நடந்தது என்ன? 1957-ல் 'ஐலண்ட் இன் தி சன்' படத்தில், வெள்ளைப் பெண் ஒருத்தியிடம் மனம் ஈடுபடும் கறுப்பராக அவர் நடித்தார். அந்தக் காதலர்கள் ஒரு முத்தமும் கொடுத்துக்கொள்ளவில்லை. அப்படியிருந்தும் தென் கரோலினா மாநிலச் சட்டசபையில், இதைத் திரையிடும் கொட்டகைகளுக்கு அபராதம் விதிக்க மசோதா கொண்டுவந்தார்கள். இதுதான் 'சுதந்திர' அமெரிக்காவின் லட்சணம்!

பிறர் எழுதிய வசனத்தைப் பிறர் சொன்னபடி பேசும்வரை விமோசனமில்லை என்று கண்ட பெலபாண்டே, 'ஹார்பெல்' என்ற சொந்தத் தயாரிப்புக் கம்பெனியை நிறுவினார். 1959-ல் அது தயாரித்த 'ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ' படத்தை நாம் அவசியம் அறிந்திருக்க வேண்டும். அதன் திரைக்கதையை எழுதியவர் ஆபிரகாம் போலான்ஸ்கி. 1951-ல் அமெரிக்க காங்கிரஸின் விசாரணைக் கமிட்டி முன்னால், தோழர்களைக் காட்டிக் கொடுக்க மறுத்தவர். அதற்காகவே ஹாலிவுட் கருப்புப் பட்டியலில் வைத்து வேலையைப் பறித்தது. அவருக்கு பெலபாண்டே வேலை கொடுத்தார். பெயரைப் போட முடியாத நிலையில், கறுப்பின எழுத்தாளர் ஜான் கில்லென்ஸ் தம் பெயரை இரவல் கொடுத்தார். உண்மையான ஆசிரியரின் பெயர் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது 1996-ல்தான். முப்பத்தேழு ஆண்டுகள்!

படத்தின் கதையும் அற்பமானதல்ல. மூன்று பேர் வங்கியைக் கொள்ளையடிக்கத் திட்டமிடுகிறார்கள். அவர்களில் வெள்ளையன் ஒருவனின் நிறத்துவேஷமே திட்டத்தைக் குலைக்கிறது. முடிவில் எண்ணெய்த் தொட்டி வெடித்து, அவனும் கறுப்பனும் கருகிச் சாகிறார்கள். எந்தப் பிணம் வெள்ளை, எந்தப் பிணம் கறுப்பு என்று எவராலும் அடையாளம் காண முடியவில்லை. ஏழையை ஏழைக்கு எதிராக நிறுத்தும் துவேஷம் இருவரையும் சேர்த்தே எரிக்கும் என்பதை, வயலில் கூலிக்கு நிற்பவர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

சரி, கம்பெனி கைக்கு வந்துவிட்டது, சுதந்திரம் வந்துவிட்டதா? அடுத்த கட்டத்தைப் பாருங்கள். 1959 டிசம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் பெலபாண்டேயின் நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. அதற்காக எம்மி விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவரே. விளம்பரதாரர் ரெவ்லான் என்ற அழகுசாதனக் கம்பெனி. ஆனால் இரண்டாவது நிகழ்ச்சிக்குப் பின், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் கலந்து ஆடிப்பாடுவது தென் மாநிலங்களுக்குப் பிடிக்கவில்லை, கறுப்பரை மட்டும் வைத்து நடத்துங்கள் என்று நிர்ப்பந்தம் வந்தது. பெலபாண்டே மறுத்தார். தொடர் நின்றது.

1968-ல் பெட்டுலா கிளார்க் என்ற ஆங்கிலேயப் பாடகி, தமது நிகழ்ச்சியில் பாடிக்கொண்டே பெலபாண்டேயின் கையைத் தொட்டார். விளம்பரம் கொடுத்த கார் கம்பெனியின் அதிகாரி ஆட்சேபித்தார். அந்தப் பெண்மணியோ பணியவில்லை. அந்தக் காட்சியே ஒளிபரப்பாகும்படி உறுதியாக நின்று வென்றார். அதே ஆண்டில், சிகாகோவில் போராடியவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கிய காட்சிகளோடு பெலபாண்டே பாடிய பாட்டை, சி.பி.எஸ். நிர்வாகம் வெட்டியே எறிந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? நடிகன் தயாரிப்பாளன் ஆகலாம். ஆனால் படத்தை விநியோகிப்பவன் வேறு, அலைவரிசையை வைத்திருப்பவன் வேறு, விளம்பரப் பணத்தைக் கொட்டுபவன் வேறு. கேமராவைக் கையில் வாங்கியவனின் கழுத்து இன்னொருவன் கையில்! ஒரு தனிமனிதன் ஏணியில் ஏறிவிடுவதால் ஏணி பொதுவுடைமை ஆகிவிடுவதில்லை.

"அவர் பெரும் பணக்காரர் ஆகிவிட்டாரே, அவர் கதை நமக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெலபாண்டே கம்யூனிஸ்டு கட்சிக்காரர் அல்ல. முதலாளித்துவ அமைப்புக்குள்ளேயே சம்பாதித்தவர். ஆனால் அந்தச் சம்பாத்தியம் எங்கே போயிற்று என்று பார்க்க வேண்டும். சோஷலிசத்தை ஆதரித்ததற்காக 1950 முதல் 1958 வரை பாஸ்போர்ட் பறிக்கப்பட்டிருந்த மாபெரும் கலைஞர் பால் ராப்ஸனைத் தமது ஆசானாகக் கொண்டவர் அவர். 1963-ல் பர்மிங்ஹாம் நகரில் மார்ட்டின் லூதர் கிங்கும் போராட்டக்காரர்களும் சிறையிலடைக்கப்பட்டபோது, ஜாமீன் பணம் திரட்டியவர்களில் முன் நின்றார். 1964-ல் மிசிசிப்பியில் கறுப்பரின் வாக்குரிமைக்காக உழைத்த மூன்று இளைஞர்களை நிறவெறியர்கள் கொலை செய்தார்கள். அந்த ஆகஸ்டில், நடிகர் சிட்னி பாய்ட்டியரையும் அழைத்துக்கொண்டு, 70,000 டாலர் ரொக்கத்தோடு, கொலைகாரக் கும்பல்கள் துரத்திவர, அதே மிசிசிப்பிக்குச் சென்று இயக்கத்தாரிடம் ஒப்படைத்தவர் அவர். இப்படிச் செய்த செல்வந்தர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

படத்துறையையும் அவர் விட்டுவிடவில்லை. 1972-ல் 'பக் அண்டு தி பிரீச்சர்' படத்தைத் தயாரித்து நடித்தார். அடிமைத்தளையிலிருந்து மீண்டும் துரத்தப்பட்ட கறுப்பின விவசாய மக்கள் நிலம் தேடிப் போகும் கதை அது. 1984-ல் நியூயார்க் ஏழை இளைஞர்களின் ஆட்டத்தையும் பாட்டையும் வைத்து 'பீட் ஸ்ட்ரீட்' படத்தைத் தயாரித்தார். 2018-ல், 91-வது வயதில், அவர் கடைசியாக நடித்த 'பிளாக் கிளான்ஸ்மேன்' படத்தில், 1916-ல் டெக்சாஸில் ஒரு கறுப்பின வாலிபனை வெள்ளையர் கும்பல் எரித்துக் கொன்றதை இளைஞர்களுக்கு எடுத்துரைக்கும் கிழவராக வந்தார். நூறாண்டு ஆன பின்னும் அந்தக் கணக்கு தீர்க்கப்படவில்லை என்பதே அக்காட்சியின் பொருள்.

பெலபாண்டேயைத் தனிமனித முன்னேற்றத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். மறுபாதி இது: ஏறிய இடத்திலெல்லாம் அவரை முதலாளியின் பணம் தடுத்தது, தடுத்த இடத்திலெல்லாம் அவருக்குத் துணை நின்றது தெருவில் இறங்கிய மக்கள் இயக்கம். நூற்பவன் தனியாக மில்லை மாற்ற முடியாது; நடிப்பவன் தனியாக சினிமாவை மாற்ற முடியாது. தன் கலையை ஒரு கலைஞன் போராடும் மக்களிடம் ஒப்படைக்கும்போது, அவனைப் பாதுகாக்கும் பொறுப்பு மக்களுடையதாகிறது. கொட்டகையில் கைதட்டுவதோடு நம் வேலை முடியவில்லை, தோழர்களே!