சித்திரையில் காயும் கரை

கான்கிரீட்டை உடைத்து ஆற்றை மீட்கலாம் என்று வாடிக்கையாளரை நம்பவைக்க நிலத்தோற்ற வடிவமைப்பாளர்களான நம்மில் பலர் காட்டுவது சிங்கப்பூரின் பிஷான் – ஆங் மோ கியோ பூங்காவைத்தான். 2.7 கிலோமீட்டருக்கு நேராக ஓடிய கல்லாங் ஆற்றுக் கால்வாய், 2012இல் 3.2 கிலோமீட்டர் நீளும் வளைந்த ஆறானது. முடிந்த பூங்காவின் படம்தான் எல்லோரிடமும் இருக்கிறது. அதற்கு முன்பு, 2009இல், 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு சோதனைக் கரை கட்டிப் பார்த்தார்கள். நாணல் சுருள், குச்சிக் கட்டு, செடி பொதிந்த கற்குவியல் என்று எந்த முறையில் வேர் பிடிக்கிறது, எதில் மண் அரிக்கிறது என்று கவனித்த பிறகே ஆற்றில் கை வைத்தார்கள். நாம் கைக்கொள்ள வேண்டியது அந்த 60 மீட்டரை.

படத்தை அப்படியே இங்கே இறக்க முடியாததற்குக் காரணம் மழை. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பெய்கிறது. சென்னையின் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஐப்பசியில் கழுத்தளவு நீரில் நிற்கும் செடி சித்திரையில் வெடித்த மண்ணிலும் நிற்க வேண்டும். ஆகவே நடவுப் படத்துக்கு முன்னால் நிலத்தின் வாட்டம் பார்த்து, எந்த மட்டத்தில் எத்தனை நாள் நீர் நிற்கும் என்று குறிக்க வேண்டும். அடைமழையில் மனையைச் சுற்றி நடக்காமல் அது தெரியாது. அடிக்கரைக்குக் கோரையும் வெட்டிவேரும். அதற்கு மேலே நீர்மருது, புங்கம், நொச்சி. நீர் எட்டாத மேட்டில் வீரை, உலக்கைப் பாலை, காயா. கடைசி மூன்றும் சோழமண்டலக் கரையோரத்து வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்கள். கோயில்காடுகளில் இன்னும் எஞ்சியிருக்கின்றன. தடித்த இலை, மெதுவான வளர்ச்சி. நாற்றங்காலில் கேட்டவுடன் கிடைக்காது. வேலை கையெழுத்தாகும் நாளிலேயே விதைக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் கோடையில் வருகிறது. "எல்லாம் காஞ்சு போச்சு சார்" என்று தொலைபேசி வரும். அடுத்த வாரம் கோரையைப் பிடுங்கிவிட்டுப் புல்தரை விரித்து, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீர் பாய்ச்சத் தொடங்குவார்கள். மேலே காய்ந்தாலும் கோரையின் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடுதான் இருக்கும். முதல் மழைக்குத் தளிர்விடும். வாடிக்கையாளருக்கு இது தெரியாது, தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. சொல்லவேண்டியவர்கள் நாம். கார்த்திகைத் தோற்றத்தை மட்டும் வரைந்து காட்டி ஒப்புதல் வாங்குவது பாதி உண்மை. சித்திரைத் தோற்றத்தையும் அதே அளவில், பழுப்பைப் பழுப்பாகவே தீட்டி, பக்கத்தில் வையுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் குறைந்தது இரண்டு பருவமழைகளையாவது தாண்டட்டும்; எந்தப் புல்லை எந்த மாதத்தில் அறுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தோட்டக்காரருக்குப் புரியும் தமிழில் எழுதி, படத்தோடு இணையுங்கள்.

உங்கள் மனைகளில் எந்தச் செடி எத்தனை நாள் நீரில் தாங்கியது, எது அழுகியது என்ற குறிப்புகளை மண்வகையோடு எங்களுக்கு அனுப்புங்கள். தோற்றவற்றையும் சேர்த்தே வெளியிடுவோம்.