காக்கா எப்படித் தாத்தா ஆனது?

என் கடைக்குட்டிக்கு நாலரை வயதாகியும் 'க' வரவில்லை. 'க' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'த'தான். கத்தரிக்காய், 'தத்தரித்தாய்' ஆகிவிடும். "அம்மா, மதில் மேலே தாத்தா உக்காந்திருக்கு, சோறு போடு" என்பான். வீடே சிரிக்கும். யார் வந்தாலும், "எங்கே, இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டு ரசிப்போம். நானும்தான் சிரித்தேன்.

ஒரு நாள் அரியலூரிலிருந்து என் அப்பா வந்திருந்தார். வழக்கம்போல மதிலில் காக்கா. பிள்ளை வாயைத் திறக்கவில்லை. என் முந்தானையை இழுத்து, விரலால் காட்டினான். எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் சிரித்துச் சிரித்தே குழந்தையின் வாயைக் கட்டிவிட்டோமே!

"நாக்கிலே வசம்பைத் தேய்" என்றார் மாமியார். டாக்டர் அதெல்லாம் கூடாது என்று சொல்லி, முதலில் காதைப் பரிசோதிக்கச் சொன்னார். காதில் விழாத சத்தம் வாயில் எப்படி வரும்? நல்லவேளை, காதில் குறையில்லை. பிறகு பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் விளக்கினார்: 'த' சொல்ல நாக்கின் நுனி மேல்பல்லைத் தொடுகிறது, 'க' சொல்ல நாக்கின் பின்பக்கம் எழும்பி மேலண்ணத்தைத் தொட வேண்டும். இவனுக்கு நுனிதான் முந்திக்கொள்கிறது. "பாடம் மாதிரி நடத்தாதீங்க, தினம் பத்து நிமிஷம் விளையாடுங்க" என்றார். நாங்கள் விளையாடியவை இவை:

பறவை விளையாட்டு: கரைவெட்டி ஏரிக்குப் பனிக்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வருகின்றன அல்லவா? அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே மொட்டை மாடியில் இருவரும் மல்லாந்து படுப்போம். அப்படிப் படுத்தால் நாக்கு தானாகவே பின்னால் சரியும். 'க' சொல்ல அது சௌகரியம். முதலில் வெறும் 'க்...க்...'. அது வந்த பிறகு கா, கி, கு. அதற்கும் பிறகுதான் கொக்கு, கிளி, குயில்.

கல் விளையாட்டு: சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்க அழைத்துப் போனோம். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் வாழ்ந்து கல்லாகிப்போன 18 மீட்டர் நீள மரம் அது. வீட்டுக்கு வந்ததும் வாசலில் கூழாங்கற்களை வரிசையாக அடுக்கினோம். ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போடும்போது ஒரு 'கல்'. சரியாக வந்தாலும் வராவிட்டாலும் கல் கூடைக்குள் போகும்.

சந்தை விளையாட்டு: கீரை, கேரட், கொத்தமல்லி, கத்தரிக்காய் எல்லாவற்றையும் பரப்பிவைத்து அவனைக் கடைக்காரராக்கினேன். "கீரை வேணுமா? கட்டு பத்து ரூபாய்" என்று வாக்கியமே வர ஆரம்பித்தது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். குழந்தை "தீரை" என்றால், "தப்பு, திரும்பச் சொல்லு" என்று நிறுத்த வேண்டாம். "ஆமா, கீரை! பச்சைக் கீரை!" என்று நாம் சரியாகச் சொல்லிப் பேச்சைத் தொடர்ந்தால் போதும். எல்லா எழுத்தும் ஒரே வயதில் வந்துவிடாது. ர, ழ போன்றவை வர ஆறு வயதுக்கு மேலும் ஆகலாம். ஆனால் பேச்சே தாமதமானாலும், கூப்பிட்டால் திரும்பாவிட்டாலும், நாலு வயதிலும் வெளியார் கேட்டுப் புரியாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை காது, பேச்சுக் குறைகளை இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கன்வாடியில் கேட்டால் வழி சொல்வார்கள்.

எங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. போன தடவை அப்பா வந்தபோது பிள்ளை மதிலைக் காட்டி, "தாத்தா, அங்கே பாரு காக்கா!" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அப்பா எழுந்து போய் ஒரு பிடி சோறு வைத்தார்.