நட்பும் தணிக்கையும்: ஃபிரான்சஸ் பர்னியை முன்வைத்து

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இலக்கிய நட்பு வட்டங்களைப் பெண்ணெழுத்தின் விளைநிலமாக மட்டும் கருதும் போக்கு மறுபரிசீலனைக்குரியது. எழுதத் தூண்டிய நட்பே, எழுதியதை முடக்கவும் செய்தது. நாவலாசிரியர் ஃபிரான்சஸ் பர்னியின் (1752–1840) வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

1778இல் ‘எவெலினா’ ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. இசை வரலாற்றாசிரியரான தந்தை சார்லஸ் பர்னியின் நூலைப் படியெடுத்தவர் ஆதலால், தம் கையெழுத்து அச்சகத்தாருக்குப் புலப்படுமென அஞ்சி, அதனை மாற்றியே எழுதினார். பெயர் வெளிப்பட்டபின், ஸ்ட்ரெத்தமில் இருந்த ஹெஸ்டர் திரேலின் இல்லம் அவரை வரவேற்றது. சாமுவேல் ஜான்சனின் பாராட்டு அங்கே கிட்டியது. நாடகாசிரியர் ஷெரிடன், நாடகம் எழுதுமாறு ஊக்கினார்.

அவ்வூக்கத்தின் பயனாக 1779இல் உருவான ‘தி விட்லிங்ஸ்’ மேடையேறவில்லை. கல்விச் செருக்குடைய சீமாட்டி ஒருவரை எள்ளும் அந்நாடகத்தில், புகழ்பெற்ற எலிசபெத் மாண்டேகுவின் சாயலைப் பிறர் காணக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. தந்தையும் குடும்ப நண்பர் சாமுவேல் கிரிஸ்ப்பும் அதனைக் கைவிடச் செய்தனர். செல்வர் இல்லங்களில் இசை பயிற்றிய தந்தைக்கு அவர்தம் நல்லெண்ணம் இன்றியமையாதது. ஆகவே, இத்தடையை அன்பின் மிகுதி என்று மட்டும் விளக்குதல் பொருந்தாது. குடும்பத்தின் சமூகச் சார்பும் அதில் அடங்கியுள்ளது.

பர்னியும் இவ்வழக்கத்திற்கு விலக்கானவர் அல்லர். கைம்பெண்ணான திரேல் 1784இல் இத்தாலிய இசைவாணர் பியோட்சியை மணந்தபோது, அம்மணத்தை ஏற்காதவர்களுள் பர்னியும் ஒருவர், அந்நட்பு முறிந்தது. தம்மைக் கட்டுப்படுத்திய சமூக மதிப்பீட்டையே அவர் தோழிமீதும் சுமத்தினார்.

எனினும், 1796இல் ‘கமிலா’ முன்பணச் சந்தா முறையில் வெளிவந்தபோது, நட்பு வேறொரு பணியாற்றியது. பாஸ்கவன், க்ரூ, லாக் ஆகிய மூன்று சீமாட்டியர் சந்தாப் பட்டியல்களைப் பேணினர். சந்தாதாரருள் இளம் ஜேன் ஆஸ்டினும் ஒருவர். கிடைத்த வருவாயில் பர்னி இணையருக்கு ஒரு வீடே அமைந்தது.

எனவே, நட்பைப் படைப்பாளியின் வாழ்க்கைக் குறிப்பாக ஒதுக்குதல் தகாது. புரவலர், பதிப்பாளர், தணிக்கையாளர் ஆகியோரின் அதிகாரம் அதனுள் செயற்பட்டுள்ளது. வெளிவந்த நூல்களுடன், நண்பர்தம் அறிவுரையால் வெளிவராதுபோன நூல்களையும் கணக்கிற்கொள்ளும்போதே பெண்ணெழுத்தின் வரலாறு முழுமையுறும்.